கரண்டிக்கு ஒரு நகல்

ஐப்பசி முடியவில்லை, அதற்குள்
ஊரணியில் பதினோரு படி ஏறிவிட்டது தண்ணீர்.
வடகரைக்காரர்கள் கீழிருந்து எண்ணுவார்கள்: பதினொன்று.
தென்கரைக்கு மேலிருந்துதான் கணக்கு: இன்னும் ஆறு பாக்கி.
நான் தென்கரை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்.
கெஞ்சிக் கேட்டால் சில்லறையும் தருவேன்.

காரைக்குடியின் பெரிய வீடுகளை
வெளியூர்க்காரர்கள் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
எங்களுக்கு இந்த வாரம்
தண்ணீரைப் பார்க்கவே நேரம் போதவில்லை.
ஆறு மணிக்கு மேல் கரையில் நிற்க இடமில்லை.
வண்டியை அணைக்காமலே
இறங்கி வந்து பார்க்கிறவர்கள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கடலை கொறிக்கப் பார்க்கிற ஒருவர்,
டியூஷனுக்குக் கிளம்பி
'இங்கு குளிக்கக் கூடாது' பலகையில்
சட்டையைத் தொங்கவிட்டுக்
குளிக்கிற பிள்ளைகள்.

வியாழக்கிழமை சாத்தப்பன் கத்தினார்.
வங்கியில் நகையை உரைத்துப் பார்த்து
மாற்றுச் சொல்கிற மனிதர்.
மீனுக்குப் பொரி வீசினாராம்,
கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியும்
பொரியோடு போய்விட்டதாம்.
முங்கி எடுப்பவனுக்கு ஐம்பது ரூபாய்.

ஜாபர் முங்கினான். கோட்டைச்சாமி முங்கினான்.
கோழிக்கறி வாங்கிக்கொண்டு செக்காலைக்குத் திரும்புகிற பையன்
பையை என் கடைக்குள் வைத்துவிட்டு முங்கினான்.
"பூனை வந்தா பாத்துக்கங்கக்கா."

முதலில் ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது,
ஒரு பக்கம் மட்டும் கண்ணோடு.
பிறகு ஒரு பூட்டு.
"நான் சாவியல்லடா கேட்டேன்!"
பிறகு நீளக் காம்போடு
ஒரு எவர்சில்வர் கரண்டி.

இந்த ஊரில் பாத்திரம் என்றால் பேர் இருக்கும்.
அண்டாவோ உப்புக் கிண்ணமோ
எழுத்து வெட்டாமல் வீட்டுக்குள் நுழையாது.
காம்பைத் துடைத்தோம். எழுத்து இருந்தது,
தேய்ந்து.
"ல. மெ." என்றாள் அழகம்மை, "எங்க வீடு."
"கண்ணைக் கழுவிட்டுப் பாரு, அது வ. மெ." என்றார் வயிரவன்.
ஜாபரின் அம்மா ஹபீபா நிதானமாக வந்தாள்.
"பழைய பாத்திரக் கடையில நான் காசு குடுத்து வாங்கினது.
பேரு யாருதா இருந்தா என்ன?"

"கொண்டாங்க இப்படி" என்றேன்.
கண்ணாடியில் கரண்டியைப் படுக்கவைத்து
மேலே டவலைப் போட்டு மூடினேன்.
வெளிச்சம் ஒருதரம் ஊர்ந்து போனது.
முதல் நகல் முழுக்கக் கறுப்பு.
இரண்டாவதில் 'மெ' வந்தது,
முதலெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கீறல், அயிரைக் குஞ்சு மாதிரி.
இருநூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
தாள் முழுக்க நிலா.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஒரு பையன் கேட்டான்:
"அக்கா, எனக்கு ஒண்ணு?"
தாள் இரண்டு ரூபாய். பதினேழு போயிற்று.
அழகம்மை இரண்டு வாங்கினாள்.

அப்போதுதான் சாத்தப்பன் மகள் வந்து
ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:
"அப்பா, வண்டி இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.
சாவி அதுலதான்."
ஐம்பது ரூபாயை மூன்றாகப் பிரிக்க
என்னிடம்தான் சில்லறைக்கு வந்தார்கள்.
பூனை வந்துபோனது எனக்குத் தெரியாது.

வழக்கு முடியும்வரை கரண்டி
நாச்சம்மையின் வண்டிக்கடையில்.
வெள்ளைப் பணியாரத்துக்கு
அதில்தான் மிளகாய்ச் சட்னி ஊற்றுகிறாள்.
மூன்று வீட்டுக்காரர்களும் சாயங்காலம் வந்து
சொத்தைப் பார்வையிடுகிறார்கள்.
சும்மா நிற்க முடியுமா, ஆளுக்கொரு தட்டு.
ஹபீபா மட்டும் உரிமையோடு
இரண்டாம் கரண்டி கேட்பாள்.

நேற்று இரவு மறுபடி மழை.
பன்னிரண்டு என்று வடகரை கூவுகிறது.
கடையைத் திறக்குமுன்
நனைந்த செருப்போடு போய் எண்ணிவிட்டு வந்தேன்.
ஐந்து.
பலகையில் அதற்குள் நாலு சட்டை.